பஞ்ச காலத்தில் அயர்லாந்தை விட்டுச் சென்ற மூதாதையரைத் தேடுவது எப்படி: ஆவணங்கள், செலவு, காலம்

அயர்லாந்தில் 1845 முதல் 1852 வரை நீடித்த உருளைக்கிழங்குப் பஞ்சத்தின்போது பத்து லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் நாட்டை விட்டுக் கப்பலேறினார்கள். அவர்களுடைய வழித்தோன்றல்கள் இன்று ஆஸ்திரேலியாவிலும் கனடாவிலும் அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நிறைந்திருக்கிறார்கள். அந்த நாடுகளில் குடியேறிய தமிழர்களுக்கு மருமகள் வழியாகவோ மருமகன் வழியாகவோ அப்படியொரு குடும்பத்தோடு சம்பந்தம் ஏற்படுவது இப்போது புதிதல்ல. என் மனைவியின் குடும்பம் கிளேர் கவுண்டியிலிருந்து (கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்றது) மெல்பர்னுக்கு வந்த ஒரு கூலித்தொழிலாளியின் வழி வந்தது. எங்கள் பிள்ளைகளுக்கு என் பக்கத்து முன்னோர்களின் ஊரும் குலதெய்வக் கோயிலும் தெரியும். தாய்வழியில் ‘அயர்லாந்து’ என்ற ஒரு சொல்லைத் தவிர வேறெதுவும் கையில் இல்லை. அந்த ஒரு சொல்லிலிருந்து ஒரு குறிப்பிட்ட ஊர் வரை போய்ச் சேர எங்களுக்கு ஆன பாடு மற்றவர்களுக்கு வேண்டாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

1. முதலில் தேட வேண்டியது ஊரின் பெயரை

அயர்லாந்து ஆவணங்கள் ஏறக்குறைய எல்லாமே இடத்தை அடிப்படையாகக் கொண்டு தொகுக்கப்பட்டவை. ஊர் தெரியாமல், பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அவற்றுக்குள் நுழைந்தால், ஒரே கவுண்டியில் ஒரே பெயரும் ஒத்த வயதும் உள்ள பலர் எதிர்ப்படுவார்கள்; அவர்களில் நம்மவர் யார் என்று சொல்ல எந்த வழியும் இருக்காது. கெர்ரியில் சல்லிவன், டிப்பரேரியில் ரையன், டோனிகாலில் கலஹர் என்று தேடுவது, தஞ்சாவூர் மாவட்டத்தில் தந்தை பெயர் தெரியாத ஒரு கோவிந்தசாமியைத் தேடுவதைப் போன்றது.

அங்கே நிலம் கவுண்டி, பாரனி, சிவில் பாரிஷ், டவுன்லேண்ட் என்று படிப்படியாகப் பிரிக்கப்பட்டிருக்கிறது. கடைசிப் படியான டவுன்லேண்ட் என்பது பெரும்பாலும் சில நூறு ஏக்கர் பரப்புள்ள ஒரு சிற்றூர்ப் பகுதி. நாடு முழுவதும் அறுபதாயிரத்துக்கும் அதிகமாக உள்ளன. உங்களுக்கு வேண்டியது இந்த டவுன்லேண்டின் பெயர், அல்லது குறைந்தபட்சம் பாரிஷின் பெயர். அது பெரும்பாலும் அயர்லாந்தில் கிடைக்காது. உங்கள் முன்னோர் போய்ச் சேர்ந்த நாட்டின் காகிதங்களில்தான் கிடைக்கும். அது கிடைக்கும்வரை அயர்லாந்து இணையதளங்களுக்கு ஒரு யூரோகூடக் கட்டாதீர்கள்.

2. குடியேறிய நாட்டின் காகிதங்களைத் தீர்த்துப் பாருங்கள்

நேர் முன்னோரின் இறப்புச் சான்றிதழை மட்டும் வாங்கிவிட்டு, அதில் பிறந்த இடம் ‘அயர்லாந்து’ என்று இருப்பதைக் கண்டு பலர் சோர்ந்துவிடுகிறார்கள். இறப்பைப் பதிவு செய்யச் சொன்னவர் மகனோ மருமகனோ பக்கத்து வீட்டுக்காரரோவாக இருந்திருப்பார். அவருக்குத் தெரிந்ததைத்தான் சொல்லியிருப்பார். ஆகவே முன்னோருடைய எல்லாப் பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்களையும், உடன் வந்த அண்ணன் தம்பி அக்காள் தங்கைகளின் காகிதங்களையும் வரிசையாகப் பாருங்கள். எங்கள் தேடலில் மனைவியின் முன்னோருடைய இறப்புச் சான்றிதழில் நாடு இருந்தது, திருமணச் சான்றிதழில் கவுண்டி இருந்தது, கடைசிப் பிள்ளையின் பிறப்புச் சான்றிதழில் தந்தை பிறந்த இடம் என்ற கட்டத்தில்தான் பாரிஷின் பெயர் எழுதப்பட்டிருந்தது.

திருமணச் சாட்சிகள், பிள்ளைகளின் ஞானப்பெற்றோர், கல்லறையில் பக்கத்தில் புதைக்கப்பட்டவர்கள் ஆகியோரின் பெயர்களையும் ஒரு தாளில் குறித்து வையுங்கள். பஞ்சத்தில் வந்தவர்கள் ஊர்க்காரர்களோடு சேர்ந்தே குடியிருந்தார்கள். ஒருவர் பின் ஒருவராகக் காசு அனுப்பி அழைத்துக்கொண்டார்கள். உங்கள் முன்னோரின் ஊர் எங்கும் எழுதப்படாமல் போயிருந்தாலும், அவருடைய திருமணச் சாட்சியின் கல்லறையில் அது வெட்டப்பட்டிருக்கலாம்.

ஆஸ்திரேலியா: இந்தத் தேடலில் பாக்கியசாலிகள் ஆஸ்திரேலியக் குடும்பத்தினர். விக்டோரியாவில் 1853 ஜூலை முதலும் நியூ சவுத் வேல்ஸில் 1856 மார்ச் முதலும் அரசுப் பதிவு நடைமுறைக்கு வந்தது. அங்கே இறப்புச் சான்றிதழில் பெற்றோர் பெயர், தாயின் பிறந்தவீட்டுப் பெயர், பிறந்த இடம், காலனியில் இருந்த ஆண்டுகள், பிள்ளைகளின் பெயர்கள் என எல்லாவற்றுக்கும் கட்டங்கள் உண்டு. ஒரு சான்றிதழுக்கு, மாநிலத்தையும் நகலின் வகையையும் பொறுத்து, 20 முதல் 40 ஆஸ்திரேலிய டாலர் வரை ஆகலாம். வெறும் ஆய்வுக்காக என்றால் முத்திரையில்லாத நகலே போதும், அதுதான் மலிவு. அரசு உதவியோடு வந்தவர்களானால் நியூ சவுத் வேல்ஸ் ஆவணக் காப்பகத்திலுள்ள குடிவரவு வாரியப் பட்டியல்கள் 1848 முதல் பிறந்த ஊர், பெற்றோர் பெயர், அவர்கள் உயிரோடு உள்ளார்களா, காலனியில் உறவினர் யார் என்பது வரை சொல்கின்றன. 1848க்கும் 1850க்கும் இடையே அயர்லாந்தின் ஏழைகள் விடுதிகளிலிருந்து நான்காயிரத்துக்கும் மேற்பட்ட அனாதைப் பெண்கள் அனுப்பப்பட்டார்கள். உங்கள் கொள்ளுப்பாட்டியின் தாய் அந்த ஆண்டுகளில் தனியாக வந்த இளம்பெண் என்றால், சிட்னியிலுள்ள ஐரிஷ் பஞ்ச நினைவிடத்தாரின் இலவசப் பெயர்ப்பட்டியலைத் தவறாமல் பாருங்கள்.

அமெரிக்கா: 1820 முதல் வருகைக் கப்பல் பட்டியல்கள் உள்ளன, ஆனால் அவற்றில் பெயர், வயது, தொழில், நாடு என்ற அளவே இருக்கும். 1846 ஜனவரி முதல் 1851 டிசம்பர் வரை நியூயார்க் வந்தவர்களுக்கென்று ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள் கொண்ட தனித் தரவுத்தொகுப்பு அமெரிக்கத் தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. ஊரைக் கண்டுபிடிக்க அதைவிடப் பயன்படுபவை இரண்டு. நியூயார்க்கில் 1850இல் தொடங்கிய எமிக்ரண்ட் சேவிங்ஸ் வங்கி, கணக்கு வைத்தவரை அடையாளம் காண அவருடைய ஊர், பெற்றோர், வந்த கப்பல் முதலியவற்றைக் கேட்டு எழுதி வைத்தது. அந்தப் பேரேடுகள் நியூயார்க் பொது நூலகத்திடம் உள்ளன, ஆன்செஸ்ட்ரி என்ற வம்சாவளித் தேடல் தளத்தில் தேடலாம். பாஸ்டன் பைலட் என்ற செய்தித்தாளில் 1831 முதல் காணாமற்போன உறவினரைத் தேடி வெளியான விளம்பரங்களை பாஸ்டன் கல்லூரி இலவசமாகத் தொகுத்து வைத்திருக்கிறது. ‘இன்ன பாரிஷைச் சேர்ந்த என் தம்பி’ என்று ஊரோடு சேர்த்தே அதில் எழுதியிருப்பார்கள். 1906க்கு முந்தைய குடியுரிமைக் காகிதங்களில் பெரும்பாலும் நாடு மட்டுமே இருக்கும். அதற்குக் காசு செலவிட்டு ஏமாற வேண்டாம்.

கனடா: கியூபெக் துறைமுகத்துக்கு 1865க்கு முன் முழுமையான பயணிகள் பட்டியல் கிடையாது. கியூபெக்குக்கு வந்த கப்பல்களை நிறுத்திச் சோதித்த கிரோஸ் தீவின் தனிமைப்படுத்தல் நிலையத்தைச் சார்ந்த பிறப்பு, இறப்பு, மருத்துவமனைப் பதிவுகளை கனடா நூலக, ஆவணக் காப்பகத்தின் தளத்தில் தேடலாம். 1847இல் மட்டும் ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் அந்தத் தீவில் புதைக்கப்பட்டார்கள் என்பதால், குடும்பத்தில் ஒருவர் கப்பலேறியபின் காணாமற்போயிருந்தால் அங்கே பாருங்கள்.

பிரிட்டன்: அயர்லாந்திலிருந்து லிவர்பூலுக்கோ கிளாஸ்கோவுக்கோ வந்தவர்களுக்குக் கப்பல் பட்டியலே இல்லை, அதைத் தேடிக் காலத்தைக் கழிக்காதீர்கள். 1851 முதலான எல்லா மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளையும் பாருங்கள். ஏதேனும் ஒன்றில் கணக்கெடுத்தவர் கவுண்டியையும் சேர்த்து எழுதியிருக்கக்கூடும்.

சென்னை: கிழக்கிந்தியக் கம்பெனியின் மதராஸ் ஐரோப்பியப் படைகளில் அயர்லாந்துக்காரர்கள் ஏராளமாகச் சேர்ந்தார்கள், இங்குள்ள ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்கள் சிலவற்றின் வேர் அதில் இருக்கிறது. அந்தக் குடும்பத்தினர் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆஃபீஸ் ஆவணங்களில் தொடங்க வேண்டும். மதராஸ் மாகாணத்து ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவை ‘என் 2’ என்ற வரிசையில் உள்ளன. ஃபைண்ட்மைபாஸ்ட் என்ற வம்சாவளித் தேடல் தளத்தில் படங்களாகவும் கிடைக்கின்றன. படையில் சேர்ந்தவர்களின் பதிவேடுகளில் பிறந்த கவுண்டி குறிக்கப்பட்டிருக்கும்.

3. கிடைத்த ஊர்ப்பெயரைச் சரிபாருங்கள்

ஐரிஷ் மொழி உச்சரிப்பில் சொல்லப்பட்ட பெயரை ஓர் ஆங்கிலேய எழுத்தர் காதில் விழுந்தபடி எழுதிய எழுத்துக்கூட்டல்தான் உங்கள் கையில் இருக்கும். அதை லோகெய்ன்ம் டாட் ஐஇ (logainm.ie), டவுன்லேண்ட்ஸ் டாட் ஐஇ (townlands.ie) ஆகிய இரண்டு இலவசத் தளங்களிலும் போட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் வாய்விட்டுப் படித்து, ஒலி ஒத்த பெயர்களைத் தேடுங்கள். கில்மோர் போன்ற பெயர்கள் பல கவுண்டிகளில் உள்ளன. கவுண்டி உறுதியாகாமல் ஒன்றைத் தேர்ந்துகொள்ளாதீர்கள்.

இங்கே இன்னொரு பொறி. நில ஆவணங்கள் பின்பற்றும் சிவில் பாரிஷும் கத்தோலிக்கப் பங்கும் (ஒரு பங்குக் கோயிலைச் சேர்ந்த பகுதி) ஒன்றல்ல. எல்லைகளும் பெயர்களும் மாறுபடும். உங்கள் டவுன்லேண்ட் எந்தச் சிவில் பாரிஷில் இருக்கிறது, அது எந்தக் கத்தோலிக்கப் பங்கைச் சேர்ந்தது என்று இரண்டையும் தனித்தனியாக எழுதி வைத்துக்கொண்டால்தான் அடுத்த படிகள் குழம்பாமல் நடக்கும்.

4. இல்லாததைத் தேடாதீர்கள்

பஞ்சத்துக்கு முன்பும் பின்புமான 1821 முதல் 1851 வரையிலான கணக்கெடுப்புகளில் பெரும்பகுதி 1922 ஜூன் 30 அன்று டப்ளினில் பொது ஆவணக் காப்பகத்தோடு எரிந்துபோனது. 1861 முதல் 1891 வரையிலானவை அதற்கு முன்பே அரசால் அழிக்கப்பட்டவை. 1922க்கு முந்தையவற்றில் முழுதாக மிஞ்சியவை 1901, 1911 ஆகிய இரண்டு. இரண்டும் அயர்லாந்துத் தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசம். எரிந்தவற்றின் துண்டுகளையும் நகல்களையும் தேடிச் சேர்த்து 2022இல் தொடங்கப்பட்ட விர்ச்சுவல் ரெக்கார்ட் ட்ரெஷரி தளமும் இலவசம். ஒருமுறை ஊர்ப்பெயரைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். எல்லா மதத்தினருக்குமான அரசுப் பிறப்புப் பதிவு 1864 ஜனவரியில்தான் தொடங்கியது. பஞ்சத்தில் புறப்பட்டவருக்கு அயர்லாந்து அரசின் பிறப்புச் சான்றிதழ் இருக்கவே முடியாது. வாங்கித் தருகிறேன் என்று யாரேனும் காசு கேட்டால் விலகிக்கொள்ளுங்கள்.

5. பங்குக் கோயில் பதிவேடுகள்

கத்தோலிக்கரானால் உங்கள் நம்பிக்கை இதில்தான். ஆயிரத்துக்கும் மேற்பட்ட பங்குகளின் ஞானஸ்நானம், திருமணப் பதிவேடுகளை, பெரும்பாலும் 1880 வரையிலானவற்றை, அயர்லாந்துத் தேசிய நூலகம் 2015 முதல் படங்களாக இலவசமாகத் தந்திருக்கிறது. அந்தத் தளத்தில் பெயரைப் போட்டுத் தேட முடியாது. பங்கைத் தேர்ந்தெடுத்து, மாதத்தைத் தேர்ந்தெடுத்து, பக்கம் பக்கமாகப் படிக்க வேண்டும். பெயர் அட்டவணை ஃபைண்ட்மைபாஸ்ட், ஆன்செஸ்ட்ரி தளங்களில் இருக்கிறது. கெர்ரி, டப்ளின் நகரம், கார்க்கின் ஒரு பகுதி ஆகியவற்றுக்கு அரசின் ஐரிஷ்ஜீனியாலஜி டாட் ஐஇ தளத்திலேயே பெயரால் தேடலாம். மற்றக் கவுண்டிகள் பலவற்றுக்கு உள்ளூர் மரபு மையங்கள் பெயர்த்தெழுதியவை ரூட்ஸ்அயர்லாந்து தளத்தில் உள்ளன. அதற்கு மாதச் சந்தா 30 யூரோவை ஒட்டி வரும். கேள்விகளை எல்லாம் எழுதி முடித்த பிறகு ஒரே ஒரு மாதத்துக்குக் கட்டி, அந்த மாதத்தில் வேலையை முடிப்பதே சிக்கனம்.

தேடுமுன் அந்தப் பங்கின் பதிவேடு எந்த ஆண்டில் தொடங்குகிறது என்று பாருங்கள். கிழக்குப் பகுதியிலும் நகரங்களிலும் 1700களிலிருந்தே கிடைக்கும். பஞ்சம் கடுமையாகத் தாக்கிய மேற்குக் கவுண்டிகளில் பல பங்குகளில் 1820களுக்குப் பிறகே, சில இடங்களில் 1850களில்தான் தொடங்குகிறது. உங்கள் முன்னோர் 1828இல் பிறந்து, பதிவேடு 1832இல் தொடங்கினால், அவருடைய ஞானஸ்நானத்தைத் தேடுவதில் பொருளில்லை. அதே பெற்றோருக்குப் பின்னால் பிறந்த தம்பி தங்கைகளின் பதிவைத் தேடுங்கள்.

பெயர்களில் கவனம் வேண்டும். பதிவேடு லத்தீனில் இருந்தால் ஜேம்ஸ் ‘யாகோபுஸ்’ ஆகவும் வில்லியம் ‘குலியெல்முஸ்’ ஆகவும் இருப்பார்கள். நோரா என்பவர் ஹொனோராவாகவும், டீலியா என்பவர் பிரிஜெட்டாகவும், ஜெரெமையா என்பவர் டார்பியாகவும் பதிவாகியிருக்கலாம். குடும்பப் பெயருக்கு முன்னுள்ள ‘ஓ’வும் ‘மக்’கும் அந்தக் காலத்தில் விடப்பட்டுப் பின்னர் மீண்டும் சேர்க்கப்பட்டவை, இரண்டு விதமாகவும் தேடுங்கள். வயதையும் அப்படியே நம்ப வேண்டாம். முன்னும் பின்னும் ஐந்தாண்டு, முதியவரானால் பத்தாண்டுகூட, விட்டுத் தேடுங்கள். ஒவ்வொரு பதிவிலும் ஞானப்பெற்றோர் பெயரைக் குறித்துக்கொள்ளுங்கள். முன்பு எழுதிவைத்த சாட்சிகளின் குடும்பப் பெயர் இங்கேயும் தென்பட்டால் நீங்கள் சரியான ஊரில்தான் நிற்கிறீர்கள்.

புராட்டஸ்டன்ட் குடும்பமானால், அயர்லாந்துத் திருச்சபையின் (ஆங்கிலிக்கன் சபை) பதிவேடுகள் பல 1922 தீயில் போய்விட்டன. மிஞ்சியவற்றை டப்ளினிலுள்ள அந்தத் திருச்சபையின் நூலகத்திலும், வடக்குக் கவுண்டிகளின் பிரெஸ்பிட்டேரியன் பதிவேடுகளை பெல்ஃபாஸ்டிலுள்ள பிரோனி காப்பகத்திலும் கேட்க வேண்டும்.

6. கிரிஃபித் நிலமதிப்பீடு

வரி விதிப்பதற்காக நிலங்களையும் வீடுகளையும் மதிப்பிட்டு 1847க்கும் 1864க்கும் இடையே கவுண்டி கவுண்டியாக வெளியான இந்தப் பட்டியலை ஆஸ்க்அபவுட்அயர்லாந்து தளத்தில் வரைபடத்தோடு இலவசமாகப் பார்க்கலாம். ஒரு பக்கத்தைத் திறந்தால் இடது ஓரத்தில் ஓர் எண்ணும் அதனோடு ஒட்டிய சிற்றெழுத்தும் இருக்கும். எண் வரைபடத்திலுள்ள நிலத்தையும், எழுத்து அதிலுள்ள வீட்டையும் காட்டும். அடுத்து டவுன்லேண்ட், அனுபவத்தில் வைத்திருப்பவர், அவருக்குக் குத்தகைக்கு விட்டவர், வீடா தொழுவமா நிலமா என்ற விவரம், பரப்பு, பிறகு நிலத்துக்கும் கட்டடத்துக்கும் தனித்தனியாகப் பவுண்டு, ஷில்லிங், பென்ஸ் கணக்கில் மதிப்பு. கட்டட மதிப்பு ஐந்து ஷில்லிங் என்றால் அது ஒரு சிறு குடிசை. ஒரே டவுன்லேண்டில் ஒரே பெயரில் இருவர் இருந்தால் அடைப்புக்குள் தந்தை பெயரையோ அடைமொழியையோ சேர்த்திருப்பார்கள், அதைத் தவறவிடாதீர்கள்.

இதில் குடும்பத்தலைவர் பெயர் மட்டுமே உண்டு. உங்கள் முன்னோர் 1849இல் புறப்பட்டு மதிப்பீடு 1850களில் நடந்திருந்தால் அவர் பெயர் இருக்காது. தந்தையோ அண்ணனோ விதவைத் தாயோ இருக்கலாம். குடும்பமே வெளியேற்றப்பட்டிருந்தால் ஒருவரும் இருக்க மாட்டார்கள். அப்போது 1823க்கும் 1837க்கும் இடையே எழுதப்பட்ட, திருச்சபைக்குச் செலுத்திய டைத் வரிப் பேரேடுகளைத் தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இலவசமாகப் பாருங்கள். ஆனால் அதிலும் நிலம் வைத்திருந்தவர்களே இடம்பெற்றிருப்பார்கள். பெயர் ஒத்திருப்பது மட்டுமே சான்றாகாது; மனைவி பெயர், பிள்ளைகள் பெயர், ஊர் ஆகியவற்றில் குறைந்தது இரண்டேனும் பொருந்த வேண்டும்.

7. ஊரிலேயே தங்கியவர்கள் வழியாகச் செல்லுங்கள்

தேடுபவர்களில் பெரும்பாலோர் தொடாமல் விடும் வழி இது. எங்களுக்கு அதிகம் கைகொடுத்ததும் இதுதான். போனவரைப் பற்றிய காகிதம் அயர்லாந்தில் குறைவு. இருந்தவரைப் பற்றியது நிறைய. அங்கேயே தங்கிய தம்பி 1864க்குப் பிறகு திருமணம் செய்திருந்தால் பதிவில் அவருடைய தந்தையின் பெயரும் தொழிலும் இருக்கும். அந்தப் பதிவேட்டுப் பக்கத்தின் படமே ஐரிஷ்ஜீனியாலஜி தளத்தில் இலவசம் என்பதால் சான்றிதழுக்குப் பணம் கட்டத் தேவையில்லை. வட அயர்லாந்தின் ஆறு கவுண்டிகளுக்கு அங்குள்ள பதிவுத்துறைத் தளத்தில் பதிவொன்றைக் காண இரண்டு மூன்று பவுண்டு ஆகும்.

1909 ஜனவரியில் 70 வயதைக் கடந்தவர்களுக்கு ஓய்வூதியம் வழங்கத் தொடங்கியபோது, பிறப்புச் சான்றிதழ் இல்லாதவர்கள் தங்கள் வயதை நிறுவ 1841, 1851 கணக்கெடுப்புகளில் தேடச் சொல்லி விண்ணப்பித்தார்கள். அந்தக் கணக்கெடுப்புகள் பின்னால் எரிந்துபோயின; தேடுதல் படிவங்கள் மிஞ்சின. விண்ணப்பித்தவரின் பெற்றோர் பெயர், தாயின் பிறந்தவீட்டுப் பெயர், அப்போது குடியிருந்த டவுன்லேண்ட், சில படிவங்களில் வீட்டிலிருந்த மற்றவர்களின் பெயரும் வயதும் வரை இருக்கும். தேசிய ஆவணக் காப்பகத் தளத்தில் இலவசம். விண்ணப்பித்த பெண்களைக் கணவர் பெயரிலும் தேடுங்கள்.

8. நிலக்கிழார் காகிதங்கள்

சில நிலக்கிழார்கள் குத்தகைதாரர்களைத் தாங்களே கப்பலேற்றி அனுப்பினார்கள். ரொஸ்காமனில் ஸ்ட்ரோக்ஸ்டவுன் பண்ணையிலிருந்து 1847இல் 1,490 பேர் அப்படிப் போனார்கள். விக்லோவில் ஃபிட்ஸ்வில்லியம் பண்ணையின் குடிபெயர்வுப் பேரேடுகள் தேசிய நூலகத்தில் உள்ளன. கிரிஃபித் பக்கத்தில் குத்தகைக்கு விட்டவர் பெயரைக் கண்டதும், அந்தப் பண்ணையின் காகிதங்கள் எங்குள்ளன என்று அந்நூலகத்தின் பட்டியலில் தேடுங்கள். இவை பெரும்பாலும் நேரில் சென்று பார்க்க வேண்டியவை.

9. மரபணுச் சோதனை

காகிதம் முடிந்த இடத்தில் மட்டுமே இதை நாடுங்கள். குடும்பத்தில் உயிரோடிருக்கும் மிக மூத்தவரிடம் முதலில் எடுங்கள். ஒவ்வொரு தலைமுறைக்கும் பொருத்தம் பாதியாகக் குறைகிறது, நான்காம் நிலை உறவினரில் ஏறத்தாழப் பாதிப் பேரோடுதான் பொருத்தமே தென்படும். முடிவு வரச் சில வாரங்கள் ஆகும். எந்த நாட்டு வழி எத்தனை சதவீதம் என்ற கணக்கை ஒதுக்கிவிட்டு, பொருந்தியவர்களின் குடும்ப மரத்தில் உங்கள் பாரிஷின் பெயர் வருகிறதா என்று பாருங்கள்.

10. பணமும் பயணமும்

ஒழுங்காகச் செய்தால் பெரிய செலவு குடியேறிய நாட்டுச் சான்றிதழ்களுக்குத்தான். பத்துச் சான்றிதழ் வாங்க மனத்தைத் தயார்படுத்திக்கொள்ளுங்கள். சான்றிதழ்கள், கேள்விகள், சந்தா மாதம் என்று போனால், வேலைக்குப் போகிறவர்களுக்கு ஓராண்டு ஆவது இயல்பு. குடும்பப் பெயருக்குரிய குலச்சின்னம் என்று சட்டமிட்டு விற்பதை வாங்காதீர்கள். அத்தகைய சின்னங்கள் தனிமனிதருக்கு வழங்கப்பட்டவையே தவிர ஒரு பெயரை உடைய எல்லோருக்கும் உரியவை அல்ல. ஐரிஷ் குடியுரிமை கிடைக்குமென்று எண்ணியும் இதில் இறங்க வேண்டாம். பொதுவாகத் தாத்தா பாட்டி நிலை வரை அயர்லாந்தில் பிறந்தவர் இருந்தால்தான் வெளிநாட்டுப் பிறப்புப் பதிவுக்கு விண்ணப்பிக்க முடியும். பஞ்ச காலத்தவர் அதற்கு மிகத் தொலைவு.

அயர்லாந்துக்குப் போவதானால் டவுன்லேண்ட் உறுதியான பிறகே பயணச்சீட்டு எடுங்கள். டப்ளினில் கில்டேர் தெருவிலுள்ள தேசிய நூலகத்தின் வம்சாவளி ஆலோசனைப் பிரிவு இலவசமாக வழிகாட்டும். இதுவரை தேடியதை ஒரே தாளில் சுருக்கி எடுத்துச் செல்லுங்கள். பங்குக் கோயிலுக்கு முன்கூட்டியே கடிதம் எழுதுங்கள். பதிவேட்டைத் தேடித் தரச் சொல்லிப் பங்குத்தந்தையை நெருக்காமல், அந்தக் குடும்பப் பெயரில் இன்னும் ஊரில் இருப்பவர் யார், பழைய கல்லறைத் தோட்டம் எங்கே என்ற இரண்டை மட்டும் கேளுங்கள். கிரிஃபித் வரைபடத்தில் உங்கள் எண்ணுள்ள நிலத்தை அச்செடுத்து, இன்றைய வரைபடத்தின் மேல் குறித்துக் கொண்டுபோங்கள். அந்த நிலம் இன்று வேறொருவருடையது, ஆகவே வேலிக்குள் காலெடுத்து வைக்குமுன் வீட்டுக் கதவைத் தட்டி அனுமதி கேளுங்கள்.